ஊட்டிக்கு வெளியேயும் காசு நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி பள்ளத்தாக்கில் வீடு. பென்ஷன் வாங்குகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நினைப்பு. அதனால் டீக்கடையில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், எங்கே நின்றாலும் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. ஊட்டி மட்டும் வளர்கிறது, சுற்றியிருக்கிற ஹட்டிகளும் (மலைக் கிராமங்கள்) பாலாடாக்களும் (காய்கறி விளைகிற பள்ளத்தாக்கு ஊர்கள்) ஏன் அப்படியே கிடக்கின்றன என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற சந்தேகம். பாதிப் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிடும். அதனால் முழுசாக எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

வளர்ச்சியைப் பரப்புறதுன்னா என்னங்க? ஊட்டியை இன்னும் பெரிசாக்குறதா?

இல்லை. ஊட்டி பெருப்பது வேறு, ஊட்டியின் வருமானம் வெளியே பரவுவது வேறு. நகர எல்லையை ஒட்டிய சரிவில் வரிசையாகக் காட்டேஜ் முளைத்தால் ஊர் பெருத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காட்டேஜின் முதலாளி பெங்களூரில், மேனேஜர் கோயம்புத்தூரில், பக்கத்து ஹட்டிக்காரர் வாசலில் வாட்ச்மேன் என்றால், பரவியது கான்கிரீட் மட்டும்தான்.

2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள் தொகை 7,35,394. ஊட்டி நகராட்சியில் இருந்தவர்கள் 88,430. நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். மீதி எண்பத்தெட்டு பேரும் வேலைக்கு, விற்பனைக்கு, வைத்தியத்துக்கு, ஒரு கையெழுத்துக்கு என்று அந்த ஒரு ஊருக்கோ குன்னூருக்கோ ஓடாமல், தங்கள் ஊரிலேயே இவற்றில் சிலதையாவது முடித்துக்கொள்ள முடிந்தால் அதை வளர்ச்சி பரவியது என்பேன். எல்லாவற்றையும் முடிக்க முடியாது. அதற்கு ஆசைப்படவும் வேண்டாம்.

ஏன் எல்லாமே சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோட்டுலயே குவிஞ்சு கிடக்கு? யாரோ வேணும்னே பண்றாங்களா?

யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. 1820களில் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் ஏரியை வெட்டினார், 1848-ல் தாவரவியல் பூங்கா தொடங்கியது, 1908-ல் ரயில் ஊட்டி வரை வந்து சேர்ந்தது. இந்த மூன்றுக்கும் நடுவில் கடைகள் வந்தன. அப்புறம் கடை இருக்கிற இடத்துக்கே இன்னும் கடை வந்தது. ஸ்வெட்டர் வாங்க வருகிறவர் பத்துக் கடை பக்கத்து பக்கத்தில் இருந்தால்தான் வருவார். பதினோராவது கடைக்காரர் கேத்தியில் கடை போடுவாரா என்ன?

இப்படிக் கூடி இருப்பதில் எல்லோருக்கும் லாபம் உண்டு. அதை உடைக்கப் போனால் இருக்கிறதும் கெடும். மையத்தில் இருந்தே ஆகவேண்டியது எது, பழக்கத்தினால் மட்டும் அங்கே இருப்பது எது என்று பிரித்துப் பார்த்தால் போதும். ஸ்வெட்டர் கடை முதல் வகை. காய்கறியைத் தரம் பிரிப்பது, டீயைப் பாக்கெட் போடுவது, வர்க்கி என்கிற அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட்டைச் சுடுவது, லாட்ஜ் துணி துவைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் இரண்டாவது வகை.

சென்னையில புறநகர் புறநகர்னு பேசுறாங்க. மலைக்கு அதெல்லாம் ஒத்து வருமா சார்?

பாடம் ஒத்து வரும், அளவு ஒத்து வராது. 1996-ல் காய்கறி மார்க்கெட்டைக் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அன்று அது ஊருக்கு வெளியே. சரக்கு, லாரி, மூட்டை தூக்குகிறவர்கள், டீக்கடை என்று ஒரு தொழில் முழுசாக நகர்ந்ததால் கோயம்பேடு தானே ஒரு மையமாகிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். கட்டடம் பிரமாதம். ஆனால் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ராத்திரி வந்து இறங்கினவர்கள் நகருக்குள் போய்ச் சேரப் பட்ட பாட்டை ஊரே பேசியது. தொழில் நகர்ந்தால் ஊர் உண்டாகும். கட்டடம் மட்டும் நகர்ந்தால் அலைச்சல்தான் மிச்சம்.

மலையில் இன்னொன்றும் உண்டு. நாம் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, நேரத்தில் அளக்கிறோம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் பத்தொன்பது கிலோமீட்டர்தான். மே மாத ஞாயிற்றுக்கிழமை அதையே அரை நாள் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

டூரிஸ்ட் நிறைய வந்தா தானா எங்களுக்கும் காசு வரும்தானே?

ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். கோயம்புத்தூரில் கார் எடுக்கிறார்கள், அந்த வாடகை அங்கேயே. ரூமை ஆன்லைனில் போடுகிறார்கள், அதில் ஒரு பங்கு எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு. மதியச் சாப்பாட்டு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறியது. திரும்பும்போது ஹோம்மேட் சாக்லேட் வாங்குகிறார்கள். கோகோ ஊட்டியில் விளையாது, உருக்குவதற்கான சாக்லேட் கட்டியும் கீழேயிருந்துதான் வருகிறது. உருக்கி அச்சில் ஊற்றிப் பாக்கெட் போடுகிற கூலி மட்டும் இங்கே.

கடைசியாகப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால் கிலோ வர்க்கி. மைதா கீழேயிருந்து வந்தாலும், மாவை மடித்து மடித்து அடுக்குவது, அடுப்பில் வைப்பது, எடுப்பது எல்லாம் நம் ஆட்கள். சில்லறைக் காசுதான், ஆனாலும் அதில் பெரும்பங்கு இங்கேயே தங்குகிறது. ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர் கொடுத்த ரூபாயில் மலையை விட்டு இறங்காதது எவ்வளவு என்று கேளுங்கள். இறங்காத பங்கு கூடினால், கூட்டம் கூடாமலே வருமானம் கூடும்.

கேரட் எங்களோடதுதானே? அதுல காசு எங்க போகுது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கேத்தி பாலாடா பக்கம் நள்ளிரவு தாண்டியதும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் தோட்டத்தில் இறங்குவார்கள். விடிவதற்குள் பிடுங்கி, தழையைத் திருகி, ஜீப்பில் ஏற்றிக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்பு உருளைக்குள் தண்ணீர் பாய்ந்து சுற்றும்போது மண் கரைந்து, ஒரு பக்கம் செங்குழம்பு ஓடும், மறுபக்கம் பளிச்சென்று கேரட் வந்து விழும். முன்பு ஓடையில் காலால் மிதித்துக் கழுவினதை நானே பார்த்திருக்கிறேன். கழுவின ஈரம் காய்வதற்குள் மூட்டை கட்டி லாரி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டி. அங்கே ஏலம், கமிஷன், இறக்குக் கூலி. அங்கிருந்து சென்னைக்கும் கேரளாவுக்கும்.

ஊட்டியில் ஒரு ஓட்டல் சமையற்காரரிடம் சாம்பார் கேரட் எங்கே வாங்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். 'மேட்டுப்பாளையம் வண்டியில வருது' என்றார். எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற தோட்டத்தின் கேரட் மலை இறங்கி, ஏலம் போய், மறுபடி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கிளம்பிய இடத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சட்டியில் விழலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. 'உங்க ஊர் ஆள் கேரட் மட்டும் தருவார். எனக்குத் தக்காளி, கத்திரிக்காய், வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒரே பில்லுல வேணும். மாசக் கடைசியில பணம். தருவாரா?' என்றார்.

விஷயம் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. விவசாயிக்கு அன்றைக்கே காசு வேண்டும், ஓட்டலுக்கு முப்பது நாள் கடன் வேண்டும். நடுவில் இந்த முப்பது நாளைத் தாங்குகிறவர்தான் லாபத்தை எடுக்கிறார், தாங்குவதற்கு அவருக்கு அது நியாயமும்கூட. 1935-லேயே தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம், நாம் என்.சி.எம்.எஸ். என்று சொல்வது, இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான். மேட்டுப்பாளையத்தில் நம் ஆளே ஏலம் நடத்த முடிந்தது பெரிய காரியம். ஆனால் தரம் பிரித்து, சின்னப் பாக்கெட் போட்டு, பில் எழுதி, கடன் தாங்குகிற இரண்டாம் கட்ட வேலை இன்னும் பாலாடாக்களுக்கு ஏறி வரவில்லை. வந்தால் கழுவுகிற தண்ணீரை ஓடையில் அப்படியே விடாமல் தொட்டி கட்டித் தெளிய வைக்கிற செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

டீ மட்டும் என்னவாம்? ஃபேக்டரி எங்க ஊர்லயேதானே இருக்கு?

இருக்கிறது. 1962-ல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவு டீ ஃபேக்டரிக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமாக ஃபேக்டரிகள் வந்தன, 1965-ல் அவற்றுக்கு இன்கோசர்வ் என்ற இணையம் வந்தது. பச்சை இலையைப் பறித்த அன்றே ஃபேக்டரியில் சேர்க்க வேண்டும், கீழே கொண்டுபோக நேரமில்லை. அதனால் தொழிற்சாலை ஊருக்கே வந்தது. இயற்கையே செய்துகொடுத்த பரவல்.

ஆனால் விலை ஊரில் முடிவாவதில்லை. 1963-ல் குன்னூரில் ஏல மையம் தொடங்கியது, அங்கே என்ன போகிறதோ அதைப் பொறுத்துத்தான் இலைக்கு விலை. வாங்கியவர் கீழே கொண்டுபோய், கலந்து, பெயர் போட்டு விற்கிறார். இன்கோசர்வ் 'ஊட்டி டீ' என்று பாக்கெட் போட்டு ரேஷன் கடைகளில் விற்றது சரியான திசையில் வைத்த அடி. கூரையும் புகைபோக்கியும் ஊரில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு டீயைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெரிய கம்பெனி ஒண்ணு கொண்டு வந்து போட்டா முடிஞ்சுதே?

போட்டுப் பார்த்தாயிற்று. 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கி, அதைச் சுற்றி இந்து நகரே உருவானது. குவார்ட்டர்ஸ், ஸ்கூல் பஸ், சம்பள நாளில் மளிகைக் கடைக் கூட்டம் என்று ஊட்டி மையத்தை நம்பாமல் ஒரு பகுதி வாழ்ந்தது. 1990களில் அது நலிந்த நிறுவனமாகிவிட்டது. அப்புறம் டிஜிட்டல் வந்து ஃபிலிமே இல்லாமல் போனது. கடைசியில் மூடினார்கள். கம்பெனி போனதோடு, அதை நம்பியிருந்த கடைகளும் ஒவ்வொன்றாகப் போயின.

பிரான்சுவா பெரூ என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் 1950களில் 'வளர்ச்சி முனை' என்று ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு முக்கியத் தொழில் தன்னோடு சேர்ந்த தொழில்களையும் இழுத்து வளர்க்கும் என்பது சாரம். அவர் தொழில்களுக்குள் இருக்கிற தொடர்பைத்தான் சொன்னார். பின்னால் வந்த திட்டக்காரர்கள், வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஃபிலிம் தொழிற்சாலைக்கு வேண்டிய ரசாயனமோ டப்பாவோ பக்கத்து ஹட்டியில் செய்யப்படவில்லை. இழுக்க அங்கே கயிறே இல்லை.

அதற்காகப் பெரிய தொழிலே கூடாது என்றில்லை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. எங்கள் கேத்தியில் 1949-ல் வந்த ஊசிக் கம்பெனியில் வேலை பார்த்து வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். ஒரே தூணில் முழு வீட்டையும் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரோடு போட்டுக் கொடுத்தா போதாதா அண்ணா?

ரோடு இரண்டு பக்கமும் ஓடும். நம் காய் சீக்கிரம் கீழே போவது போலவே, ஊட்டிக் கடைக்காரரின் டெலிவரி வண்டியும் சீக்கிரம் நம் ஊருக்கு வரும். நல்ல ரோடு வந்தபின் இரண்டு மளிகைக் கடை மூடின ஊர் எனக்குத் தெரியும். ரோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோடு வந்த வருஷமே கேட்க வேண்டியது பஸ்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். முடித்துவிட்டு ஊட்டியில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலி வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு ஆறரைக்கு முடியும், எங்கள் பக்கம் கடைசி பஸ் ஆறு பத்துக்கு. முதல் வாரம் சீக்கிரமாகக் கிளம்பி வந்தாள். இரண்டாம் வாரம் ஷேர் ஜீப். மூன்றாம் வாரம் பனி, ஜீப்பும் வரவில்லை. அவளுடைய அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தார். நான்காம் வாரம் அவள் போகவில்லை. இருபது நிமிஷத்தில் ஒரு வேலை போனது. மகளிருக்கான இலவசப் பஸ் பயணம் 2024-ல் மலைப் பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது, மெத்தச் சரி. ஆனால் வராத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன?

கவர்மெண்ட் ஆபீஸை எல்லாம் வெளியே மாத்திட்டா?

நல்ல யோசனைதான், அரைகுறையாகச் செய்யாமல் இருந்தால். ஊட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் 2022-ல் காக்காத்தோப்புக்குப் போனது. நெரிசல் குறையும் என்று எல்லோரும் வரவேற்றோம். ஆனால் பெண் வழக்கறிஞர்களுக்குப் போதிய கழிப்பறை வசதி இல்லை என்ற புகார் 2023-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. கிளாம்பாக்கத்தில் சொன்னதேதான்.

2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு திறந்தது. கோயம்புத்தூருக்கு ஓடின ஓட்டம் குறைந்தால் அதுவே பெரிய மிச்சம். நான் கவனிப்பது அதைச் சுற்றி வரப்போகிற இட்லிக் கடை, மருந்துக் கடை, துணைக்கு வருகிறவர் தங்குகிற அறை, இதையெல்லாம் யார் நடத்தப் போகிறார்கள் என்பதை.

டூரிஸ்ட் கூட்டத்தையே எங்க பக்கம் திருப்பி விட்டா என்ன?

மசினகுடியைப் போய்ப் பாருங்கள். ஊட்டியில் இடம் இல்லை, காடு பார்க்க ஆசை என்று கூட்டம் சீகூர் பக்கம் இறங்கியது. ரிசார்ட்கள் பெருகின. அது யானை நடக்கிற பாதை. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் ரிசார்ட்களுக்குச் சீல் வைக்கத் தொடங்கினார்கள், 2020 அக்டோபரில் யானை வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பே வந்துவிட்டது. முதலாளி வேறு ஊரில் வேறு தொழில் பார்த்துக்கொள்வார். ரூம் சுத்தம் செய்தவரும் ஜீப் ஓட்டினவரும்தான் தெருவில் நின்றார்கள்.

கூட்டத்தை அனுப்புவது சுலபம், ஒரு வ்யூ பாயிண்ட் போர்டு வைத்தால் போதும். கூட்டத்தோடு குப்பையும் தண்ணீர்ப் பஞ்சமும் வரும், காசு மறுபடி ஊட்டிக்கே போய்விடும். வேலையை அனுப்புவது கஷ்டம். கேரட் கதையில் சொன்ன ஒரே பில், முப்பது நாள் கடன் மாதிரியான சலிப்பூட்டுகிற காரியங்கள் அதில் இருக்கின்றன. நான் அந்தச் சலிப்பின் பக்கம்தான்.

இ-பாஸ் வந்து பிழைப்பே போச்சு. இதுல வளர்ச்சி எங்கேர்ந்து வரும்?

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகள் ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. டி.என். 43 என்று பதிவான நம் மாவட்ட வண்டிக்கும், விளைபொருள் ஏற்றுகிற வண்டிக்கும், அரசுப் பஸ்ஸுக்கும் விலக்கு.

சீசன் வியாபாரிகளின் கோபம் புரிகிறது. ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஆனால் எண்ணப்படுவது வண்டி, ராத்திரி அல்ல. ஒரு வண்டி ஒரு நாள் வந்து போனாலும் அதே ஒன்று, மூன்று நாள் தங்கினாலும் அதே ஒன்று. மூன்றாம் நாளுக்கு ஊட்டி மையத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, அன்று அவர்கள் வெளியே வருவார்கள். வெளி ஊர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு நல்லதாகவே முடியலாம் என்பது என் எண்ணம். கமர்ஷியல் ரோட்டில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாரும் ஹோம்ஸ்டே கட்டுறாங்க. நாங்களும் லோன் போட்டுக் கட்டலாமா?

இருக்கிற வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தால், பாத்ரூமைச் சரிசெய்து, முறையாகப் பதிவு செய்து விடுங்கள். லோன் போட்டுப் புதிதாகக் கட்டாதீர்கள். 1990களின் தொடக்கத்திலிருந்தே மலைப் பகுதிக் கட்டட விதிகள் கடுமை, உயரம் ஏழு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. விதியை விடுங்கள். 2009 நவம்பரில் மழை கொட்டியபோது இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் நான் தூங்கவில்லை. சரிவை வெட்டி அறை கட்டுகிறவர் வங்கிக் கடனோடு இன்னொரு கடனையும் தலையில் ஏற்றுகிறார்.

வரி எல்லாம் யாருக்குப் போகுது? டூரிஸ்ட் குப்பையை நாங்கதானே அள்ளுறோம்?

ஓட்டல் பில்லில் இருக்கிற ஜி.எஸ்.டி. மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போகிறது. உள்ளாட்சிக்கு நேரடியாக வருவது சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவை. பெரிய கட்டடங்களும் நகராட்சிக் கடைகளும் ஊட்டிக்குள் இருப்பதால் அந்த வருமானமும் அங்கேயே. அருவி இருக்கிற ஊராட்சிக்கு வண்டி வரும், பாட்டில் வரும், வரி வராது.

அதனால்தான் வேலையை அனுப்பு என்கிறேன். ஒரு பாக்கெட் போடும் கூடம் ஊராட்சிக்குள் வந்தால் அதன் கட்டட வரியும் தொழில் வரியும் அங்கே விழும். மாவட்டம் முழுக்க நகராட்சிகள் சிலதான், ஊராட்சிகள் அதைவிட நிறைய, நடுவில் பேரூராட்சிகள். இவை எல்லாம் சேர்ந்து சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு கேட்பதில் தப்பில்லை. கேட்பதற்கு முன் தங்கள் ஊரில் வார இறுதியில் சேருகிற குப்பை எத்தனை வண்டி என்று எழுதி வைத்திருக்க வேண்டும். கணக்கில்லாமல் கேட்டால் மனு என்பார்கள், கணக்கோடு கேட்டால்தான் கோரிக்கை.

நாங்க கூடலூர், பந்தலூர்க்காரங்க. இந்தக் கணக்கு எங்களுக்கு ஒத்து வருமா?

உண்மையைச் சொன்னால், இப்போதைக்குப் பாதிதான் வரும். 1969-ன் கூடலூர் ஜன்மம் (ஜமீன் மாதிரியான பழைய நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ல் வருகிற நிலங்களின் வழக்கு தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது. பட்டா இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை, பலருக்குக் கரண்ட் கனெக்‌ஷன்கூட இல்லை. கரண்ட் இல்லாத இடத்தில் பாக்கெட் போடும் மிஷினைப் பற்றி நான் பேசினால் நீங்கள் அடிக்க வரலாம். உங்களுக்கு முதல் வேலை நிலம்.

கொடைக்கானல்லயும் இதே கதையா?

கிட்டத்தட்ட. 1863-ல் வெட்டின ஏரியைச் சுற்றித்தான் அங்கே காசு. பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் ஏரிக்கும் அப்பால், வருகிறவர் நகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பூம்பாறைப் பக்கம் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு கீழே பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி சந்தைக்குப் போகிறது. நம் கேரட்டுக்கு மேட்டுப்பாளையம், அவர்கள் பூண்டுக்கு வடுகபட்டி. பூண்டு சீக்கிரம் அழுகாது என்பது அவர்களுக்கு இருக்கிற வசதி. மேலேயே காயவைத்து, பிரித்து, பெயர் போட்டு விற்க நேரம் இருக்கிறது. நானாக இருந்தால் அங்கேதான் முதலில் தொடங்குவேன்.

பசங்க எல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் போயிட்டாங்களே. இனி யாருக்காக இதெல்லாம்?

2001-ல் நீலகிரியில் 7,62,141 பேர். பத்து வருஷத்தில் இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் குறைந்தது, மாநிலம் வளர்ந்துகொண்டிருந்தபோது. பச்சை இலை விலை விழுந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆகப் பிள்ளைகள் போனது ஊர் பிடிக்காமல் அல்ல. இன்று பல எஸ்டேட்டில் இலை பறிப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. படித்த பிள்ளை செய்கிற மாதிரி வேலை இல்லை.

மண்வெட்டி பிடிக்கத் திரும்பி வா என்றால் எந்தப் பிள்ளையும் வராது. தரம் பார்க்க, பில் போட, வண்டி அனுப்ப, ஆர்டர் எடுக்க ஆள் வேண்டும் என்றால் சிலர் வருவார்கள். எல்லோரும் வர வேண்டியதில்லை.

சரி, நானும் எங்க மகளிர் குழுவும் நாளைக்கே என்ன பண்ணலாம்?

முதலில் ஒரு தாள் எடுங்கள். உங்களிடமிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற விடுதி, ஓட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி கேன்டீன் எல்லாவற்றையும் எழுதி, யார் வாரத்துக்கு என்ன வாங்குகிறார்கள், பணம் எத்தனை நாளில் தருகிறார்கள் என்று போய்க் கேளுங்கள். பத்து நாளில் பணம் தருகிற ஒரே ஒருவரைப் பிடித்துத் தொடங்குங்கள். முப்பது நாள்காரரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கீழேயிருந்து வருகிற தக்காளி, வெங்காயத்தையும் நீங்களே வாங்கி, உங்கள் கேரட், பீட்ரூட், கோஸோடு சேர்த்து ஒரே பில்லாகக் கொடுங்கள். வெளியூர்க் காயை விற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம் பஸ். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வருஷத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் கேத்தி மாதிரி பேரூராட்சி என்றால் ஏரியா சபை. 'பஸ் வசதி வேண்டும்' என்று எழுதாதீர்கள். எந்தத் தடம், எந்த நேரம், அந்த நேரத்தில் ஏறப்போகிறவர்கள் யார் யார், எங்கே வேலை என்று பெயரோடு எழுதுங்கள். நாங்கள் அப்படி முப்பத்தொரு பெயர் எழுதிக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து ஆறு பத்து பஸ் ஏழு மணிக்கு மாறியது. பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் திருப்பூர் போய்விட்டாள். இப்போது அந்த ஏழு மணி பஸ்ஸில் வர்க்கி பேக்கரி ஆட்கள் இரண்டு பேரும், ஒரு நர்ஸும், டேலி நோட்டோடு அவளுடைய தங்கையும் வந்து இறங்குகிறார்கள்.